எதிர்வீட்டு மொட்டை மாடியில் செல்போன் டவர்: மனுவில் என்ன எழுதுவது?

தெற்குத்தெரு:
தென்காசி மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. எங்கள் வீட்டுக்கு நேர் எதிர்வீட்டு மொட்டை மாடியில் டவர் வைக்கப் போகிறார்கள். தெருவின் அகலமே இருபதடிதான். அந்த வீடு இரண்டு மாடி, எங்களுடையது மூன்று மாடி. அவர்கள் மாடியில் கம்பம் நட்டு ஆன்டெனா மாட்டினால் எங்கள் மேல்மாடிப் படுக்கையறை ஜன்னலுக்கு நேராக வரும். என் மகளும் பேத்தியும் தூங்குவது அந்த அறையில்தான். பேத்திக்கு இன்னும் இரண்டு வயது முடியவில்லை.

இரும்பு ஆங்கிள்களை லாரியில் கொண்டுவந்து இறக்கிய அன்றுதான் தெருவுக்கே விஷயம் தெரியும். வீட்டுக்காரர் வெளியூரில் இருக்கிறார். போன் போட்டால், "என் வீடு, என் மாடி, வாடகை வருகிறது, இதில் உங்களுக்கு என்ன?" என்கிறார். தெருக்காரர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டு ஆட்சியரிடம் மனு கொடுக்கப் போகிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2011-லேயே இந்தக் கதிர்வீச்சைப் புற்றுநோய்ப் பட்டியலில் சேர்த்துவிட்டது. அதையே முதல் காரணமாக எழுதியிருக்கிறோம். விவரம் தெரிந்தவர்கள் வேறு என்ன சேர்க்கலாம் என்று சொல்லுங்கள்.

சிக்னல்காரர்:
அண்ணாச்சி, நான் நெட்வொர்க் திட்டமிடும் வேலையில் இருப்பவன். என் பிழைப்பு அதில் இருப்பதால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

புற்றுநோயை முதல் காரணமாக வைக்காதீர்கள். 2011-ல் சேர்த்தது 2பி என்ற பிரிவில். புற்றுநோய் வரக்கூடும், ஆனால் சான்று குறைவு என்று கருதுவதையெல்லாம் அதில் வைப்பார்கள். கற்றாழையின் முழு இலைச் சாறும் அந்தப் பிரிவில்தான் இருக்கிறது. அந்த முடிவுக்கு முக்கிய ஆதாரமாக இருந்ததும் போனைக் காதோடு ஒட்டி வருடக்கணக்கில் பேசியவர்களைப் பற்றிய ஆய்வுகள். அதற்குப் பிறகு, உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டதால் நடந்த தொகுப்பாய்வு 2024-ல் வந்தது. போன் பயன்பாட்டுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு இருப்பதாக அது காணவில்லை. டவர்களுக்கு அருகே வாழும் குழந்தைகளைப் பற்றிய ஆய்வுகளையும் அது எடுத்துப் பார்த்தது. அங்கும் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை.

டவர் கதிர்வீச்சுக்கு நம் நாட்டு வரம்பு சர்வதேசப் பரிந்துரையில் பத்தில் ஒரு பங்கு. 2012 செப்டம்பர் 1 முதல் அப்படித்தான். 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்குச் சதுர மீட்டருக்கு 0.45 வாட், 1800-க்கு 0.9 வாட். இந்த எண்களோடு நிறுவனத்தின் வக்கீல் வந்து நின்றால் உங்கள் மனு முதல் பத்தியிலேயே படுத்துவிடும்.

கொடிக்கால்:
சிக்னல்காரர் சார், ஆய்வில் தெரியவில்லை என்றால் ஆபத்தே இல்லை என்று ஆகிவிடுமா? ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே எத்தனை வருடம் நம் பிள்ளைகளைப் படிக்க வைத்தோம்! அப்போதும் பயப்படாதீர்கள் என்றுதான் சொன்னார்கள்.

2012-ல் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் பள்ளிகள், மருத்துவமனைகள் பக்கத்தில் இருக்கும் டவர்களை அகற்றச் சொன்னது. 2017-ல் குவாலியரில் வீட்டு வேலை செய்து பிழைத்த ஒருவர், பக்கத்து வீட்டு மாடி டவரால்தான் தனக்குப் புற்றுநோய் வந்தது என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். டவரை நிறுத்தச் சொல்லி உத்தரவும் வந்தது. ஆதாரமே இல்லாமலா நீதிமன்றம் அப்படிச் சொல்லும்? பேத்தி இருபதடியில் தூங்கும்போது சந்தேகத்தின் பலன் குழந்தைக்குத்தான் போகவேண்டும், கம்பெனிக்கு இல்லை. தெற்குத்தெரு அண்ணாச்சி, முதல் காரணத்தை எடுக்காதீர்கள்.

மலையடிவாரம்:
டவர் வேண்டாம் என்பவர்கள் எங்கள் ஊருக்கு வந்து ஒரு வாரம் இருந்து பாருங்கள். வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. 108-க்குக் கூப்பிட வேண்டும் என்றால் தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு ஓடவேண்டும். 2020-ல் ஆன்லைன் வகுப்புக்காக எங்கள் பிள்ளைகள் பாறை மேல் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். பிரசவ வலி எடுத்த பெண்ணை ஆட்டோவில் ஏற்றிய பிறகும், எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்று கேட்க ரோட்டு முனைக்கு வந்துதான் பேச முடிந்தது.

2023 டிசம்பர் வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தூத்துக்குடி, நெல்லைப் பக்கம் போன் செத்துப்போய், உள்ளே இருப்பவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாமல் வெளியூரில் இருந்த பிள்ளைகள் தவித்தார்கள். அந்தத் தவிப்பைப் பார்த்தவர்கள் டவர் வேண்டாம் என்று கையெழுத்துப் போட மாட்டார்கள்.

கொடிக்கால்:
மலையடிவாரம் தம்பி, உங்கள் ஊருக்கு டவர் வேண்டும். அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. இவர்கள் தெருவில் ஏற்கெனவே சிக்னல் இருக்கிறது. வேகம் கூட்டத்தான் இன்னொன்று வைக்கிறார்கள். இரண்டையும் ஒரே கணக்கில் எழுதாதீர்கள்.

சிக்னல்காரர்:
அக்கா, குவாலியர் உத்தரவு அந்த ஒரு டவரை நிறுத்தச் சொன்னது. டவரால் புற்றுநோய் வரும் என்று அறிவியல் கேள்விக்குத் தீர்ப்புச் சொல்லவில்லை. மறுபக்கம், வெறும் பயத்தை மட்டும் வைத்து டவரைத் தடுக்க முடியாது என்று 2006-லேயே கேரள உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எதிர்த்தரப்பு அதைத்தான் கையில் எடுத்துக்கொண்டு வரும்.

ஆனால் தெற்குத்தெரு அண்ணாச்சி எழுதியதில் ஒரு விஷயத்தை எல்லாரும் தாண்டிப் போய்விட்டோம். ஜன்னலுக்கு நேர் எதிரே, இருபதடியில் என்கிறார். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

பொதுவாக டவருக்கு அடியில் இருப்பவர்களுக்கு அலை குறைவாகத்தான் வரும். விளக்கின் அடியில் இருட்டு என்பார்களே, அதே கதைதான். ஆன்டெனா தன் முன்னால், கிட்டத்தட்ட படுக்கைவாக்கில், லேசாகக் கீழே சாய்த்து அலையை அனுப்பும். அதனால் டவர் வீட்டுக்காரரைவிட, அதே உயரத்தில் எதிரே இருப்பவருக்குத்தான் அதிகம். தோராயமாக ஒரு கணக்குப் போடுவோம். ஆன்டெனாவுக்குள் போவது 20 வாட் என்று வையுங்கள். ஒரே திசையில் குவிப்பதால் அந்தத் திசையில் அது ஏறக்குறைய 50 மடங்கு, அதாவது 1000 வாட் போல வேலை செய்யும். 20 மீட்டர் தள்ளி நின்றால் சதுர மீட்டருக்குச் சுமார் 0.2 வாட் வரும். அது வரம்புக்குள்தான். உங்கள் ஜன்னல் போல ஆறேழு மீட்டரில், ஏழு என்றே வைத்தாலும், சுமார் 1.6 வாட். மிக அருகில் இந்தக் கணக்கு கொஞ்சம் கூட்டித்தான் காட்டும், இருந்தாலும் 0.45 எங்கே, 1.6 எங்கே!

தொலைத்தொடர்புத் துறை 2013-ல் மாநிலங்களுக்கு அனுப்பிய வழிகாட்டுதலிலும் இது இருந்தது. ஒரே ஓர் ஆன்டெனா என்றால்கூட, அதற்கு நேர் எதிரே அதே உயரத்தில் 20 மீட்டருக்குள் கட்டடம் இருக்கக்கூடாது. ஆன்டெனா கூடக்கூடத் தூரமும் கூடும். புற்றுநோயைப் பற்றி எழுதுவதற்குப் பதிலாக இதை எழுதுங்கள்.

கொடிக்கால்:
அப்படியானால் நாங்கள் பயந்ததில் நியாயம் இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

சிக்னல்காரர்:
இந்த ஜன்னலைப் பொறுத்தவரை நியாயம் இருக்கிறது. தெருவில் மற்ற வீடுகளுக்கு இல்லை. கம்பத்தை ஆறு மீட்டர் உயர்த்தினால் ஆன்டெனா அனுப்பும் அலை ஜன்னலுக்கு மேலே போய்விடும். வழக்கமாக மூன்று ஆன்டெனாக்களை மூன்று திசைக்கு வைப்பார்கள். அதில் எதுவும் இந்த வீட்டைப் பார்க்காதபடியும் திருப்பலாம்.

செங்கல்சூளை:
நான் கட்டட வேலை மேற்பார்வை பார்ப்பவன். ஆறு மீட்டர் உயர்த்தலாம் என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். எதன் மேல் உயர்த்துவது? அந்த வீடு எப்போது கட்டியது? பில்லர் போட்ட வீடா, சுவர் தாங்கும் வீடா? இதை ஒருவரும் கேட்கவில்லையே.

எங்கள் பக்கம் முப்பது வருடத்துக்கு முந்தைய வீடுகளில் பாதிக்குமேல் பில்லரே இருக்காது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவரின் மேல் காங்கிரீட் தளம். ஒரு மாடிக்கு என்று கடைக்கால் போட்டிருப்பார்கள், பிறகு கையில் காசு வந்ததும் இரண்டாவது மாடி எழுப்பியிருப்பார்கள். அதன் மேல் கம்பம், பேட்டரிப் பெட்டிகள், கருவி வைக்கும் அலமாரி எல்லாம் ஏறும். டவரின் கால் பில்லர் தலையில் உட்கார வேண்டும். பில்லர் இல்லாத வீட்டில் தளத்தின் நடுவிலேயே இரும்புச் சட்டம் பரப்பி நிறுத்திவிடுவார்கள். அப்படி நிறுத்திய ஒரு மாடிக்குக் கீழே நான் போய்ப் பார்த்திருக்கிறேன். சீலிங்கில் மின்விசிறிக் கொக்கியைச் சுற்றி விரிசல், பூச்சு உதிர்ந்து துருப்பிடித்த கம்பி வெளியே தெரிந்தது. மேலே ஆங்கிளுக்காகத் துளை போட்ட இடத்தில் தண்ணீர் இறங்கியிருந்தது.

எடையைவிடக் காற்றுதான் பெரிய பிரச்சினை. ஆன்டெனா அகலமான பலகை மாதிரி இருப்பதால் காற்றைப் பிடிக்கும். கம்பம் உயர உயர அடியில் இழுவை கூடும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது டவர்கள் சாய்ந்து கிடந்தன. தென்காசியில் கடல் புயல் வராது, சரி. ஆனால் ஆடிக் காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக வந்து அடிப்பது உங்களுக்கே தெரியும். பண்பொழி, சுரண்டைப் பக்கம் காற்றாலைகளை அந்தக் காற்றை நம்பித்தானே வைத்திருக்கிறார்கள்!

டவர் வைப்பதற்கான விதியை 2022 ஆகஸ்டில் திருத்தினார்கள். தனியார் கட்டடம் என்றால் உள்ளாட்சியின் அனுமதி வேண்டாம், வேலை தொடங்குமுன் எழுத்தில் தகவல் கொடுத்தால் போதும். அதோடு கட்டடம் தாங்கும் என்று கட்டமைப்புப் பொறியாளரின் சான்றும் கொடுக்க வேண்டும். 2025 ஜனவரியில் புதிய விதிகள் வந்த பிறகும் தனியார் இடத்தில் முக்கியம் உரிமையாளரின் சம்மதம்தான். பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும் என்று எங்கும் இல்லை. இது எனக்கு ரொம்பக் கோபம் வரவைக்கும் விஷயம். டவர் சாய்ந்தால் விழப்போவது வாடகை வாங்குபவர் தலையில் இல்லை, அவர் வெளியூரில் இருக்கிறார். அந்தச் சான்றின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். யார் கையெழுத்து, எந்தத் தேதி, வீட்டைத் தட்டிப் பார்த்தாரா, வரைபடத்தை மட்டும் பார்த்தாரா என்று தெரிந்துகொள்ளுங்கள்.

மலையடிவாரம்:
இப்படி ஒவ்வொரு மாடிக்கும் கேள்வி கேட்டால் நாட்டில் ஒரு டவரும் எழும்பாது.

செங்கல்சூளை:
எழும்பட்டும் தம்பி, தாங்குகிற மாடியில் எழும்பட்டும். சான்று சரியாக இருந்தால் ஒரு நகல் கொடுக்க என்ன தயக்கம்?

தெற்குத்தெரு:
அந்த வீடு 1990-களின் தொடக்கத்தில் கட்டியது. இரண்டாவது மாடி பின்னால் எழுப்பியதுதான். பில்லர் இருக்கிறதா என்று தெரியவில்லை, கீழே வாடகைக்கு இருப்பவரிடம் கேட்டிருக்கிறேன். ஜெனரேட்டரும் வருமாம். எங்கள் வாசலிலிருந்து பார்த்தால் தெரியும் சந்தில் அதற்குச் சிமெண்ட் மேடை போட்டுவிட்டார்கள்.

சிக்னல்காரர்:
ஜெனரேட்டரைத் தனியாக எழுதுங்கள். குடியிருப்புப் பகுதியில் இரவில் 45 டெசிபல், பகலில் 55 என்பதுதான் சட்டம். மூடிய ஜெனரேட்டருக்கே ஒரு மீட்டர் தூரத்தில் 75 டெசிபல் வரை அனுமதி உண்டு. சுவருக்கும் சுவருக்கும் நடுவே சந்தில் வைத்தால் சத்தம் எதிரொலித்து உங்கள் ஜன்னலுக்குத்தான் வரும். பேட்டரியை மட்டும் வைத்து ஓட்டச் சொல்லிக் கேட்கலாம், பல இடங்களில் அப்படித்தான் ஓடுகிறது.

கொடிக்கால்:
எல்லாம் எழுதுங்கள், குழந்தையைப் பற்றியும் எழுதுங்கள். ஆட்சியர் முன்னால் எண்களை மட்டும் வைத்துவிட்டு வராதீர்கள். உங்கள் மகளையும் பேத்தியையும் கூடக் கூட்டிக்கொண்டு போங்கள்.

தெற்குத்தெரு:
மனுவை மறுபடி எழுதப் போகிறோம். முதலில் ஜன்னலுக்கும் கம்பத்துக்கும் உள்ள தூரம், டேப் வைத்து அளந்து படத்தோடு. அடுத்தது கட்டடச் சான்று, பிறகு ஜெனரேட்டர். புற்றுநோய் பற்றிய பத்தி கடைசியில் இருக்கும். எடுக்கக் கூடாது என்று தெருவில் சிலர் உறுதியாக நிற்கிறார்கள், எனக்கும் எடுக்க மனம் வரவில்லை. இதையும் மீறி டவர் வந்துவிட்டால் கதிர்வீச்சை அளந்து பார்க்க வழி இருக்கிறதா?

சிக்னல்காரர்:
இருக்கிறது. தொலைத்தொடர்புத் துறை 2017-ல் தரங் சஞ்சார் என்ற இணையதளத்தைத் தொடங்கியது. உங்கள் வட்டாரத்து டவர்கள் வரம்புக்குள் இருக்கின்றனவா என்று அதில் பார்க்கலாம். பணம் கட்டினால் ஆள் வந்து வீட்டிலேயே அளப்பார்கள், தொடங்கியபோது கட்டணம் 4,000 ரூபாய். அளக்க வரும்போது கீழே வாசலில் வைத்து அளந்துவிட்டுப் போக விடாதீர்கள். மேல்மாடி ஜன்னலைத் திறந்து, கட்டில் இருக்கும் இடத்தில் அளக்கச் சொல்லுங்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் வரச் சொன்னால் இன்னும் நல்லது, ஊரே போனில் இருக்கும் நேரம் அது.