ரெகுலேட்டரைப் பழுது பார்ப்பதா, புதிதாக வாங்குவதா?

வணக்கம் நண்பர்களே. புதுச்சேரிக் கடலில் ஒற்றை சிலிண்டருடன் மூழ்குபவன் நான். பதினோரு ஆண்டுகள் துணையிருந்த ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து மூச்சுக்குத் தரும் கருவி) இப்போது அச்சுறுத்துகிறது. சிலிண்டரைத் திறந்ததும் இடைநிலை அழுத்தம், அதாவது வாய்ப்பகுதிக்குப் போகும் குழாயில் உள்ள அழுத்தம், 9.5 பாரில் நிற்கிறது. சும்மா விட்டால் முள் மெல்ல ஏறி, ஐந்து நிமிடத்தில் 11-ஐத் தாண்டுகிறது. உடனே வாய்ப்பகுதி உஸ்ஸென்று காற்றைக் கசியவிடுகிறது. சிலிண்டரில் மாட்டும் பகுதியான முதல் நிலையின் வடிகட்டியில் பச்சைக் களிம்பு வேறு. உப்பு நீர் உள்ளே போயிருக்கிறது. உயர் அழுத்த சீட் (பிஸ்டன் முனை அழுந்திக் காற்றை அடைக்கும் இடம்) தேய்ந்திருக்கும் என்பது என் கணிப்பு. பிஸ்டன் முனையிலும் கீறல் விழுந்திருந்தால் சீட்டை மட்டும் மாற்றிப் பயனில்லை. அதுதான் கவலை.

சென்னையிலோ புதுச்சேரியிலோ பிஸ்டன் வகையை முறையாகப் பிரித்துக் கழுவி, அழுத்தத்தை நம் கண்முன்னே அளந்து காட்டித் தருபவர் யாரேனும் உண்டா? இல்லையென்றால், கலங்கல் மிகுந்த நம் கடலுக்கு நீர் உள்ளே புகாதபடி மூடிய, பிஸ்டனுக்குப் பதில் சவ்வு கொண்ட டயாஃபிரம் வகையே மேல் என்று வாங்கிவிடலாமா?

இன்னொன்று. ஆபத்தில் என் வாயிலிருப்பதையே உடன் மூழ்கும் துணைவருக்குக் கொடுத்துவிட்டு, கழுத்தில் ரப்பர் வளையத்தில் தொங்கும் மாற்று வாய்ப்பகுதியை நான் எடுத்துக்கொள்ளும்படி அமைக்க விரும்புகிறேன். அப்படிக் கொடுக்கும் வாய்ப்பகுதிக்கு, ஒற்றை சிலிண்டரில் 2 மீட்டர் குழாய் தேவையா, கைக்கு அடியில் வரும் 1 மீட்டர் போதுமா? அடுத்த மாதம் மகளும் என்னோடு மூழ்க வருகிறாள். அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.