நல்ல பள்ளிக்குப் பக்கத்தில் வீடு: பிரிட்டனில் எந்தப் பகுதியில் எந்தக் கணக்கு?

(ஒருவர் கேட்ட கேள்வியும், பிரிட்டனின் வெவ்வேறு ஊர்களில் இருப்பவர்கள் சொன்ன பதில்களும். பேசுபவரின் பெயருக்குப் பதில் அவர் ஊர்.)

ஹாரோவுக்குப் புதுசு:
விசாவில் வந்து நாலு மாசம். லண்டன் ஹாரோவில் வாடகை. மகன் இயர் 4 (8–9 வயது வகுப்பு), மகளுக்கு 3 வயது. ஒருவர் வருமானம்தான், ஆண்டுக்கு 78,000 பவுண்டு. நல்ல பள்ளிக்குப் பக்கத்தில் வீடு வாங்கு என்கிறார்கள். வீடு தேடும் தளமான ரைட்மூவைத் திறந்தால் தலை சுற்றுகிறது. லண்டனிலேயே ஒட்டிக்கொண்டு இருப்பதா, வெளியே போவதா?

சட்டன் பக்கம்:
விலைக்கு முன்னால் விதியைப் பாருங்கள். இங்கே அரசுப் பள்ளி இடம் பெரும்பாலும் மூன்று வழியில் கிடைக்கிறது: வீட்டின் தூரம், நுழைவுத் தேர்வு, கோடு போட்ட எல்லை. உங்கள் ஊரில் எது ஓடுகிறது என்று தெரியாமல் வீடு தேடினால், தேவையே இல்லாத தெருவில் கூடுதல் விலை கொடுப்பீர்கள். தேவைப்படுகிற இடத்தில் 200 மீட்டரில் கோட்டை விடுவீர்கள்.

ஹாரோ போன்ற இடங்களில் சாதாரணப் பள்ளிகளுக்குப் பெரும்பாலும் தூரக் கணக்குதான். கவுன்சில் (உள்ளாட்சி) பராமரிப்பில் இருக்கும் பிள்ளைகள், சிறப்புத் தேவைத் திட்டத்தில் அந்தப் பள்ளியின் பெயர் எழுதப்பட்டவர்கள், ஏற்கெனவே படிக்கிறவர்களின் தம்பி தங்கைகள் எல்லோரும் உள்ளே போன பிறகு மிச்சமிருக்கும் இடம் அருகில் இருப்பவருக்கு. தூரத்தைப் பல கவுன்சில்கள் நேர்கோட்டில் அளக்கின்றன, சில நடைபாதை வழியாக. கூகுள் மேப்ஸ் காட்டும் நடைதூரத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

கவுன்சில் தளத்தில் ஒவ்வொரு பள்ளிக்கும் 'கடைசியாக இடம் கிடைத்த தூரம்' போட்டிருப்பார்கள். ஒரு வருட எண்ணை நம்பாமல் மூன்று வருடம் எடுங்கள். உதாரணத்துக்கு 1.1, 0.9, 0.7 கி.மீ. என்று இறங்கியிருந்தால், உங்கள் கணக்கு 0.7க்கும் உள்ளே. பக்கத்தில் புது அடுக்குமாடி எழும்பினால் இன்னும் சுருங்கும். எஸ்டேட் ஏஜென்ட் 'கேட்ச்மென்ட்டுக்குள்' (பள்ளிச் சேர்க்கை எல்லைக்குள்) என்று விளம்பரத்தில் போடுவது எந்தப் பொறுப்பும் இல்லாத வார்த்தை. அதே சமயம், பக்கத்து பரோவில் (வேறு கவுன்சில் பகுதியில்) இருக்கிறீர்கள் என்பதற்காக மட்டும் ஒரு கவுன்சில் இடம் மறுக்க முடியாது. 1989இல் கிரீனிச் வழக்கில் வந்த தீர்ப்பு. எல்லைக்கு அந்தப்பக்கம் விலை குறைந்த தெருவிலிருந்தே இந்தப்பக்கத்துப் பள்ளிக்கு விண்ணப்பிக்கலாம்.

பள்ளியால் விலை எவ்வளவு ஏறும்? இங்கிலாந்து கல்வித்துறை 2017இல் கணக்குப் போட்டது: முதல் 10 சதவீதத்தில் வரும் பிரைமரிப் பள்ளிகளைச் சுற்றி வீட்டு விலை அக்கம்பக்கத்தைவிட 8%, செகண்டரிக்கு 6.8% கூடுதல். 450,000 பவுண்டு வீட்டில் 8% என்றால் 36,000. ஆனால் அடிப்படை விலையே ஊருக்கு ஊர் மலைக்கும் மடுவுக்கும். 2025 நிலவரத்தில் லண்டன் சராசரி 550,000 சுற்றி, வடகிழக்கு இங்கிலாந்தில் 160,000 சுற்றி.

உங்கள் சம்பளத்துக்கு வழக்கமான 4.5 மடங்கு என்றால் கடன் 351,000. விசாவில் இருப்பவருக்குச் சில வங்கிகள் 10% டெபாசிட்டுக்கே தரும், சில 25% கேட்கும். விசாவில் மீதிக் காலத்தைப் பார்க்கிறவர்களும் உண்டு. ஒரே வங்கியில் போய் நிற்காமல் எல்லா வங்கிகளையும் பார்க்கும் புரோக்கரிடம் போங்கள்.

கவுன்சில் வரியும் மாதச் செலவுதான். தெற்கு லண்டனில் டூட்டிங் இருக்கும் வான்ட்ஸ்வொர்த்தில் 2025–26க்கு பேண்ட் டி (ஒப்பிடப் பயன்படும் நடுத்தர வீட்டு வகை) வரி ஆயிரம் பவுண்டுக்கு அருகில். குரோய்டனில் 2,400ஐத் தாண்டியது. குரோய்டனில் வீடு மலிவு என்று போகிறவர்கள் இதையும் சேர்த்துக் கூட்டுங்கள்.

பள்ளி நல்லதா என்று பார்க்கும்போது: பள்ளிகளை ஆய்வு செய்யும் ஆஃப்ஸ்டெட், 'அவுட்ஸ்டாண்டிங்' போன்ற ஒற்றைச் சொல் மதிப்பீட்டை 2024 செப்டம்பரில் நிறுத்திவிட்டது. விளம்பரத்தில் இன்னும் அந்தச் சொல் இருந்தால் எந்த வருட அறிக்கை என்று கேளுங்கள். இயர் 6இலிருந்து 16 வயதுத் தேர்வு வரை பிள்ளைகள் எவ்வளவு முன்னேறினார்கள் என்று காட்டும் புரோகிரஸ் 8 எண்ணும் 2024–25, 2025–26க்குக் கிடையாது. கோவிட் காலத்தில் அந்தப் பிள்ளைகளுக்கு இயர் 6 தேர்வு நடக்கவில்லை. மிஞ்சுவது அட்டெய்ன்மென்ட் 8, அதாவது 16 வயதுத் தேர்வில் எட்டுப் பாடங்களில் எடுத்த மதிப்பெண். அது எப்படிப்பட்ட பிள்ளைகள் உள்ளே வந்தார்கள் என்பதைத்தான் பாதி சொல்லும். பள்ளி என்ன சொல்லிக்கொடுத்தது என்பதை அல்ல.

மெட்வே:
தேர்வு வழியைப் பற்றி நான் சொல்கிறேன். இங்கிலாந்தில் நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்க்கும் அரசு செகண்டரிகளான கிராமர் பள்ளிகள் 163. தேர்வு இயர் 6 தொடங்கும் செப்டம்பரில். ஆனால் பதிவு அதற்கு முந்தைய கோடையிலேயே மூடிவிடும். கென்ட்டில் ஜூலை தொடக்கத்தோடு சரி. வருடா வருடம் தவறவிட்டுவிட்டு வந்து கேட்கிறவர்கள் பெரும்பாலும் புதிதாக வந்தவர்கள்தான்.

கிராமர் என்றாலும் எல்லா இடத்திலும் ஒரே விதி இல்லை. பார்னெட்டில் உள்ள குயின் எலிசபெத்ஸ் ஆண்கள் பள்ளிக்குத் தூரமே கணக்கில்லை, மதிப்பெண் வரிசை மட்டும்தான். அதற்காகப் பார்னெட்டில் வீடு வாங்குவது வீண். பையன் பயணம் செய்யக்கூடிய தூரம் இருந்தால் போதும்.

லண்டனுக்கு வடமேற்கே பக்கிங்ஹாம்ஷயரில் 13 கிராமர்கள், 121 மதிப்பெண் எடுத்தால் தகுதி. ஆனால் தகுதி வேறு, இடம் வேறு: பல பள்ளிகள் தங்கள் பகுதிக்குள் இருப்பவருக்கு முதலில் கொடுக்கும். பீக்கன்ஸ்ஃபீல்ட், அமர்ஷாம் விலை லண்டனோடு போட்டி போடும். எய்ல்ஸ்பரியில் மூன்று கிராமர்கள், விலை கணிசமாகக் குறைவு. ஹாரோ ஆன் த ஹில்லில் ஏறினால் நேர் ரயில். கேட்டவருக்கு முதலில் நான் சொல்லும் ஊர் இதுதான். அந்த மாவட்டத்து அரசுப் பிரைமரியில் படித்தால் பிள்ளை தானாகவே தேர்வுக்குப் பதிவாகிவிடும். வெளியே இருந்தால் ஜூனில் நீங்கள்தான் பதிய வேண்டும்.

லண்டனுக்குத் தென்கிழக்கே கென்ட்டில் 32 கிராமர்கள். டார்ட்ஃபோர்ட், கிரேவ்செண்ட் பக்கம் லண்டன்காரர்கள் குவிந்ததால் விலை ஏறிவிட்டது. இன்னும் கிழக்கே சாட்டம், கில்லிங்காம் மலிவு. ஆனால் அது மெட்வே, தனிக் கவுன்சில், தனித் தேர்வு. கென்ட் தேர்வில் தேறியதை எல்லா மெட்வே பள்ளிகளும் ஏற்காது. செயிண்ட் பேங்க்ராஸ் அதிவேக ரயிலுக்குச் சாதாரண ரயிலைவிடக் கட்டணம் அதிகம். வருட சீசன் டிக்கெட்டை வீட்டுத் தவணையோடு சேர்த்துப் பாருங்கள்.

மான்செஸ்டர் பக்கம் டிராஃபோர்டில் 7 கிராமர்கள். ஆல்ட்ரிங்கம், ஹேல் விலை அந்த வட்டாரத்திலேயே உச்சம். அர்ம்ஸ்டன், ஸ்ட்ரெட்ஃபோர்ட் அதே பரோதான், அங்கேயும் கிராமர் உண்டு, விலை இறங்கும். முன்னுரிமைப் பகுதி பள்ளிக்குப் பள்ளி மாறும். போஸ்ட்கோடை வைத்துச் சரிபார்க்காமல் ஆஃபர் போடாதீர்கள்.

தேர்வு ஊரில் பெரும்பாலானோர் செய்யும் தப்பு ஒன்று: பிள்ளை தேறிவிடும் என்று வைத்தே தெருவைத் தேர்ந்தெடுப்பது. தேறாவிட்டால் எந்தப் பள்ளிக்கு நடக்கப்போகிறது? அந்தப் பள்ளி பிடித்த தெருவில்தான் வீடு வாங்க வேண்டும். கிராமருக்கு பஸ்ஸில் போய்க்கொள்ளலாம்.

ஈஸ்ட்ஹாம்:
தம்பி, இதெல்லாம் சரி. ஊரில உங்கட பேரில வீடு இருக்கோ? அதை முதல்ல சொல்லுங்கோ.

இங்க கன பேர் விழுகிற குழி இதுதான். உலகத்தில எங்க வீடு இருந்தாலும், உங்கட பங்கின்ர பெறுமதி 40,000 பவுண்டோ அதுக்கு மேலயோ எண்டால், இங்க வாங்கிற வீடு 'இரண்டாவது வீடு' எண்டு கணக்கு. ஸ்டாம்ப் டூட்டியில முழு விலைக்கும் 5 வீதம் கூட. மனிசியின்ர பேரில சீதனமா எழுதின யாழ்ப்பாணத்து வீடும் சேரும். புருசன் தனியத் தன்ர பேரில வாங்கினாலும் தப்ப ஏலாது, கலியாணம் கட்டினவையை ஒரு ஆளாத்தான் பாப்பினம். வெறும் காணி எண்டால் பிரச்சினை இல்லை. தாய் தகப்பன்ர பேரில இருக்கிற வீடும் உங்களுடையது இல்லை.

450,000 வீட்டுக்குக் கணக்குப் பாருங்கோ. முதல் வீடு வாங்கிறவருக்கு 7,500. சாதாரணமா 12,500. ஊரில வீடு இருந்தால் 35,000. இந்த நாட்டில கடைசி 12 மாசத்தில 183 நாள் இருக்காட்டில் இன்னும் 2 வீதம், மொத்தம் 44,000. நீங்கள் வந்து நாலு மாசம்தானே, இப்ப கையெழுத்து வைக்காதையுங்கோ.

முதல் வீட்டுச் சலுகை இன்னும் இறுக்கம். பரம்பரையா வந்த சின்னப் பங்கும் சலுகையை வெட்டிப்போடும். சலுகை 500,000 மட்டும்தான். அந்த விலைக்கு வரி 10,000. 505,000 எண்டால் 15,250. ஐயாயிரத்துக்கு ஆசைப்பட்டு ஐயாயிரத்துக்கு மேல வரி.

ஹாரோவுக்குப் புதுசு:
தாம்பரத்தில் என் பெயரில் ஃபிளாட், 60 லட்சம் போகும். வரும்வரை அதில்தான் குடியிருந்தோம். விற்றுப் பணத்தைக் கொண்டுவந்தால்?

ஈஸ்ட்ஹாம்:
குடியிருந்த வீடு எண்டது நல்லது. இங்க வாங்க முதல் வித்தால், அல்லது வாங்கி 3 வருசத்துக்குள்ள வித்தால், 5 வீதத்தில இருந்து தப்பலாம், கட்டினதையும் திருப்பிக் கேக்கலாம். முதல் வீட்டுச் சலுகை மட்டும் போனது போனதுதான். காசு கொண்டுவாற விசயம் இந்தியாக்காரர் ஆராவது சொல்லுங்கோ.

சட்டன் பக்கம்:
விற்பவர் என்ஆர்ஐ என்றால், வாங்குபவர் லாபத்துக்கு அல்ல, முழு விலைக்கும் டிடிஎஸ் (மூலத்திலேயே பிடிக்கும் வரி) பிடிப்பார். நீண்டகால ஆதாயத்துக்கு 12.5%, அதோடு செஸ். அதைத் தவிர்க்க, விற்பனைப் பத்திரத்துக்கு முன்பே வருமான வரித்துறையில் குறைந்த பிடித்தச் சான்றிதழ் வாங்க வேண்டும். அதற்கே வாரக்கணக்கில் ஆகும். பணம் என்ஆர்ஓ கணக்குக்கு (என்ஆர்ஐ இந்தியாவில் வைக்கும் ரூபாய்க் கணக்கு) போகும். அங்கிருந்து நிதியாண்டுக்குப் பத்து லட்சம் டாலர் வரை ஆடிட்டர் சான்றிதழோடு வெளியே அனுப்பலாம்.

அப்பா அம்மா அன்பளிப்பாக அனுப்பினால் ஆளுக்கு வருடம் 2,50,000 டாலர் வரை. 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகைக்கு வங்கி 20% டிசிஎஸ் (அனுப்பும்போதே வசூலிக்கும் வரி) பிடிக்கும். அவர்கள் ரிட்டர்னில் திரும்பக் கேட்கலாம், ஆனால் அதுவரை பணம் முடங்கும். இங்குள்ள சொலிசிட்டர் (வீடு வாங்கும் வேலையைப் பார்க்கும் வக்கீல்) அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று அப்பாவின் வங்கி ஸ்டேட்மென்ட் வரை கேட்பார். திருப்பிக் கேட்கமாட்டோம் என்ற அன்பளிப்புக் கடிதமும் வேண்டும். நாலு உறவினர் கணக்கிலிருந்து பிரித்துப் பிரித்து வந்தால் நாலு பேருக்கும் இதே விசாரணை.

நியூட்டன் மெர்ன்ஸ்:
ஸ்காட்லாந்தை யாரும் சொல்லவில்லை. இங்கே ஆஃப்ஸ்டெட் இல்லை, கிராமர் இல்லை. முகவரி எந்தக் கோட்டுக்குள் இருக்கிறதோ அந்தப் பள்ளி. கவுன்சில் தளத்தில் தேடினால் வந்துவிடும். அதனால் கிளாஸ்கோவை ஒட்டிய ஈஸ்ட் ரென்ஃப்ரூஷயர் பக்கம் கோட்டுக்குள் ஒரு விலை, தெருவைத் தாண்டினால் வேறு விலை. நடுவருடத்தில் வந்தால் பள்ளி நிரம்பியிருக்கலாம். பத்திரம் எழுதும் முன் கவுன்சிலிடம் எழுத்தில் கேளுங்கள்.

வாங்கும் முறைதான் புதியவரைக் கவிழ்க்கும். 'ஆஃபர்ஸ் ஓவர் 290,000' (இதற்கு மேல் கேளுங்கள்) என்று இருக்கும், ஹோம் ரிப்போர்ட்டில் (விற்பவர் தரும் வீட்டு மதிப்பீட்டு அறிக்கை) மதிப்பு 300,000 என்று இருக்கும், மூடிய உறையில் 320,000 எழுதினால்தான் கிடைக்கும். வங்கி 300,000க்குத்தான் கடன் கணக்குப் போடும். மேலே உள்ள 20,000 டெபாசிட்டுக்கு அப்பால் கையிலிருந்து ரொக்கம். ஊரில் வீடு வைத்திருந்தால் இங்கே கூடுதல் வரி 8%. வருமான வரியும் கவனிக்க: 78,000 சம்பளத்துக்கு இங்கிலாந்தைவிட ஆண்டுக்கு 2,000 பவுண்டுக்கு மேல் கூடுதல். அப்படியும் லண்டனில் இரண்டு படுக்கையறை ஃபிளாட் வாங்கும் காசுக்கு இங்கே தோட்டத்தோடு வீடு வரும். வேலை இங்கே இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

சட்டன் பக்கம்:
வாங்கும் முன் ஒரு வருடம் அந்த ஊரிலேயே வாடகைக்கு இருங்கள். இங்கிலாந்தில் 2026 மே 1 முதல் புது வாடகைச் சட்டம்: நிலையான காலம் கிடையாது, இரண்டு மாத நோட்டீஸில் வெளியேறலாம், ஒரு மாதத்துக்கு மேல் முன்பணமாக வாடகை கேட்கக் கூடாது. கிரெடிட் வரலாறு இல்லாத புதியவர்கள் ஆறு மாத வாடகையை மொத்தமாகக் கொடுத்து வீடு பிடித்த வழி இதோடு அடைகிறது. ஜாமீன்தாரர் கேட்பார்கள், தயாராக இருங்கள்.

வாடகை முகவரி செல்லும், ஆனால் உண்மையில் குடியிருக்க வேண்டும். வேறு இடத்தில் சொந்த வீடு வைத்துக்கொண்டு பள்ளிப் பக்கத்தில் மூன்று மாதம் வாடகை எடுத்தால், கவுன்சில் சொந்த வீட்டையே முகவரியாக எடுக்கலாம். பொய் என்று தெரிந்தால் கொடுத்த இடத்தையும் பிடுங்கும். மூத்தவனுக்கு இடம் கிடைத்ததும் தூரமாகப் போனால், தங்கைக்கு அந்த முன்னுரிமை நிற்குமா என்று பள்ளி விதியில் படியுங்கள். சில பள்ளிகளில் தூர வரம்பு உண்டு.

வந்தவுடன் வாக்காளர் பட்டியலில் பெயர் சேருங்கள். இந்திய, இலங்கைக் குடிமக்கள் காமன்வெல்த் என்பதால் முறையான விசாவில் இருந்தாலே பதியலாம். கிரெடிட் பதிவில் முகவரி உறுதியாகும்.

உங்கள் தேதிகள்: மகனுக்கு இயர் 5 கோடையில் தேர்வுப் பதிவு, இயர் 6 அக்டோபர் 31க்குள் செகண்டரி விண்ணப்பம், மார்ச் 1 முடிவு. மகளுக்கு ரிசெப்ஷன் (பள்ளியின் முதல் வகுப்பு) தொடங்கும் வருடம் ஜனவரி 15, முடிவு ஏப்ரல் 16. அந்த இரண்டு கடைசித் தேதிகளிலும் நீங்கள் எந்த முகவரியில் தூங்குகிறீர்கள் என்பதைத்தான் கவுன்சில் பார்க்கும். வீடு வாங்கும் வேலைக்கு ஆஃபர் ஏற்றதிலிருந்து சாவி வரை நாலைந்து மாதம் சாதாரணம், ஆகவே அக்டோபருக்குச் சாவி வேண்டுமென்றால் மே மாதத்துக்குள் ஆஃபர் போட்டிருக்க வேண்டும்.