2 மாத செடார் சீஸ் கசக்குது, ரப்பர் மாதிரி இருக்கு: இன்னும் பழுக்க விடலாமா?

ஜெயநகர்_உறைமோர்
10 லிட்டர் பாக்கெட் பசும்பாலில் போட்டது. பால் கெட்டியா உறையலைன்னு மைக்ரோபியல் ரென்னட்டை (நுண்ணுயிரியிலிருந்து எடுக்குற, பாலை உறைய வைக்கிற என்சைம்) ரெண்டு மடங்கா ஊத்தினேன். வேக்யூம் பேக் பண்ணி, டெம்பரேச்சர் கன்ட்ரோலர் மாட்டின பழைய ஃபிரிட்ஜில் 12 டிகிரியில் 2 மாசம். வெட்டினா ரப்பர் மாதிரி வளையுது. முழுங்கின பிறகு பாகற்காய்க் கசப்பு. மேலே வெள்ளையா ஏதோ படிஞ்சிருக்கு. தூக்கிப் போடவா?

மோர்க்குழம்பு
போடாதீங்க. கசப்புக்குக் காரணம் ரென்னட்தான். பாலை உறைய வச்சதோட அது வேலையை நிறுத்தாது. கட்டிக்குள்ளே தங்கி கேசீன் புரதத்தை வெட்டிக்கிட்டே இருக்கும். வெட்டுப்பட்ட நடுத்தரத் துண்டுகள்ல சிலது கசக்கும். அதை இன்னும் பொடியாக்குறது, பாலைப் புளிக்க வைக்க நாம சேர்க்குற உறை பாக்டீரியாவோட என்சைம். பொடியானா கசப்பு போய், சூப் மாதிரி ஒரு ருசி வரும். உங்க கேஸ்ல கத்திரி (ரென்னட்) ரெண்டு மடங்கு, பொடியாக்குற ஆள் பழைய அளவுதான். மைக்ரோபியல் ரென்னட்டுக்கு இந்தக் கசப்புப் பழக்கம் கொஞ்சம் ஜாஸ்தி. உப்பு குறைஞ்சாலும் கசக்கும். செடார்ல கடைசியா 1.7% பக்கம் நிக்கணும்.

பாக்கெட் பால் சரியா உறையலைன்னா ரென்னட்டைக் கூட்டக் கூடாது. 10 லிட்டருக்கு முக்கால் டீஸ்பூன் கால்சியம் குளோரைடு கரைசல் (30%), கொஞ்சம் தண்ணியில கலந்து, ரென்னட்டுக்கு முன்னாடி ஊத்துங்க. யுஎச்டி (ரொம்ப அதிகச் சூட்டில் காய்ச்சின) டப்பாப் பால்னா இதுவும் உதவாது.

தயிர்வடை_மல்லேஸ்வரம்
கசப்பு சரி, ஆனா ரப்பருக்கு ரென்னட் மேல பழி போடாதீங்க. ரென்னட் கூடினா சீஸ் சீக்கிரம் இளகத்தான் செய்யும். இது புளிப்பு பத்தாத கேஸ். பிஎச் (புளிப்பு அளவு; புளிக்கப் புளிக்க இறங்கும்) 5.3-5.4க்கு இறங்குறதுக்கு முன்னாடியே உப்புப் போட்டிருப்பீங்க. கால்சியம், கட்டியிலிருந்து பிரியுற வே தண்ணியோட வெளியேறாம புரதத்தை இறுக்கிப் பிடிச்சிருக்கும். எத்தனை மாசம் வச்சாலும் அது முழுசா சரியாகாது. மீட்டர் இல்லைன்னா, அடுத்த தடவை கட்டியில ஒரு விள்ளலை 75-80 டிகிரி வெந்நீர்ல முக்கி இழுங்க. பிய்ஞ்சா பொறுங்க, நூலா நீண்டா உப்புப் போடலாம்.

வெள்ளையை விரலால தேய்ங்க. பூஞ்சைன்னா பஞ்சு மாதிரி இருக்கும். மாவு மாதிரி நறநறன்னா கால்சியம் லாக்டேட்ங்கிற உப்புப் படிகம், சாப்பிடலாம். பழைய பார்மிஜானோங்கிற இத்தாலிய சீஸுக்கு உள்ளே பல்லுல கடிபடுற கல் வேற, அது டைரோசின்ங்கிற அமினோ அமிலம்.

ஜெயநகர்_உறைமோர்
நறநறன்னுதான் இருக்கு. வெட்டினதை எப்படி மறுபடி வைக்க? கரன்ட் போனா?

மோர்க்குழம்பு
நாலு துண்டாக்கி, ஈரத்தை ஒத்தி எடுத்துத் தனித்தனியா பேக் பண்ணுங்க. மாசத்துக்கு ஒண்ணைப் பிரிச்சு கசப்பு குறைஞ்சிருக்கான்னு பாத்தா, முழுசையும் கெடுக்க வேண்டாம். சீக்கிரம் ஆகட்டும்னு 16 டிகிரிக்கு ஏத்தாதீங்க, கூடவே கெட்ட வாடையும் வேகமா வரும். சாதா ஃபிரிட்ஜ்ல 4 டிகிரின்னா எல்லாமே ஆமை வேகம். கரன்டுக்கு, காலி இடத்துல தண்ணி பாட்டிலை நிரப்பி வைங்க. கரன்ட் கொஞ்ச நேரம் போனாலும் டிகிரி சட்டுன்னு ஏறாது.