வாடைக்காற்று ஓய்ந்தபின் எஞ்சின் ஆயில்: கிலோமீட்டரைப் பார்ப்பதா, மாதத்தைப் பார்ப்பதா?

மண்டபம் கரைவாசி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீடு மண்டபத்தில், கடற்கரைக்கு மூன்று நிமிட நடையில் இருக்கிறது. என்னிடம் இருப்பது 1.2 லிட்டர் பெட்ரோல் கார். சென்ற ஏப்ரலில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றினேன். அதன்பின் இந்தத் தை மாதம் வரை வண்டி ஓடியது 2,100 கிலோமீட்டர்தான். ஐப்பசியில் மழை பிடித்ததிலிருந்து கடைத்தெருவுக்கும் ரயில் நிலையத்துக்கும் போய்வந்ததைத் தவிர வேறு ஓட்டமே இல்லை. நேற்று ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தபோது, அதன் உட்புறத்தில் மோர் கடையும்போது திரளும் வெண்ணெயைப் போல, மஞ்சள் கலந்த வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. அடியில் குனிந்து பார்த்தால் ஃபில்டரின் தகர உறையிலும் துரு ஏறியிருக்கிறது. சர்வீஸ் நிலையத்தில் கேட்டதற்கு, 10,000 கிலோமீட்டர் ஆகட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். குளிர்நாடுகளில் குளிர்காலம் முடிந்ததும் ஆயில் மாற்றுவதாகப் படித்திருக்கிறேன். உறைபனியையே காணாத நம் கரைக்கு அது பொருந்துமா? மாற்றத்தான் வேண்டுமென்றால் வீட்டிலேயே மாற்றிக்கொள்ளலாமா?

தொண்டி வள்ளக்காரன் எழுதியது:

தம்பி, முதலில் ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். மூடியில் மட்டும் வெள்ளை படிந்து, குச்சியில் உள்ள ஆயில் தெளிவாக இருந்தால் அது வெறும் ஈரம். குச்சியிலும் ஆயில் பால்போலக் கலங்கி, கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தின் மட்டமும் குறைந்திருந்தால், ஹெட் கேஸ்கெட்டை, அதாவது எஞ்சினின் தலைப்பகுதிக்கு அடியில் உள்ள அடைப்புத் தகட்டைச் சந்தேகிக்க வேண்டும். அப்படியிருந்தால் வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கை வீட்டுக்கே அழையுங்கள்.

பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. அதில் கொஞ்சம் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி ஆயில் இருக்கும் இடத்துக்கு இறங்கிவிடும். வண்டி அரைமணி நேரம் ஓடி ஆயில் நன்றாகச் சூடேறினால் அந்த ஈரம் வெளியேறிவிடும். ஐந்து நிமிட ஓட்டத்தில் அது உள்ளேயே தங்கி ஆயிலோடு கலந்து குழம்பாகிறது. குளிர்நாட்டில் இது குளிரால் நேர்கிறது; நமக்கு மழைக்காலச் சோம்பலால் நேர்கிறது, அவ்வளவுதான் வேறுபாடு. வண்டியோடு வந்த கையேட்டைப் பிரித்தால் பெரும்பாலும் ‘இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதம், எது முந்துகிறதோ அது’ என்றுதான் இருக்கும். சர்வீஸ் நிலையத்தார் முதல் பாதியை மட்டும் சொல்லியிருக்கிறார்கள். நான் வள்ளத்து எஞ்சினுக்கு ஏப்ரல் 15-இல் தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் ஆயில் மாற்றுவேன், ஓடிய மணிக்கணக்கு குறைவாக இருந்தாலும் மாற்றிவிடுவேன். உங்களுக்கு இப்போதே ஒன்பது மாதம் முடிந்துவிட்டது, மாற்றிவிடுங்கள்.

ராமநாதபுரம் டிரைவர் எழுதியது:

நம் வெயிலுக்கு 20டபிள்யூ-50 போன்ற கெட்டியான ஆயிலை ஊற்றினால் எஞ்சின் நீடித்து உழைக்கும் என்பது என் அனுபவம்.

கீழக்கரை நண்பன் எழுதியது:

அண்ணன் சொல்வது பழைய வண்டிகளுக்குச் சரியாக இருக்கலாம். இவருடைய வண்டிக்கு அதை நான் சொல்லமாட்டேன். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. 5டபிள்யூ என்றால் மைனஸ் 30 பாகை செல்சியஸிலும், 15டபிள்யூ என்றால் மைனஸ் 20 பாகையிலும் எஞ்சினைச் சுழற்றவிடும் அளவுக்கு ஆயில் இளக்கமாக இருக்க வேண்டும் என்று பொருள். நமக்கு அந்தக் குளிர் எந்த மார்கழியிலும் வராது. பின்னால் வரும் எண்தான் எஞ்சின் சூடேறிய நிலையில் ஆயிலின் கெட்டித்தன்மையைக் காட்டுகிறது. இக்கால எஞ்சின்களின் ஆயில் வழிகள் மிகக் குறுகலானவை. ஆகவே கையேட்டில் உள்ள தரத்தையே வாங்குங்கள்.

வீட்டில் மாற்றலாம். ஆனால் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் படுக்காதீர்கள். உறுதியான ஸ்டாண்டு கொடுங்கள், அதையும் மணலில் வைக்காமல் சிமெண்டுத் தரையில் வையுங்கள். எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்தபின், அடியில் ஆயிலை வடிக்கும் ட்ரெயின் போல்ட்டைக் கழற்றுங்கள். உப்புக்காற்றில் அதன் தலை அரித்திருக்கும் என்பதால் ஆறு முனை உள்ள ஸ்பானரே நல்லது. வேறு எதைப் போட்டாலும் முனை மழுங்கிவிடலாம். வாஷர் புதிதாக இருக்கட்டும். போல்ட்டை முதல் சில சுற்றுகள் விரலாலேயே ஏற்றுங்கள்.

ஃபில்டரில் நான் பட்டதைச் சொல்கிறேன். முதல்முறை மாற்றியபோது, பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருந்ததைக் கவனிக்காமல் புதியதை அதன் மேலேயே ஏற்றிவிட்டேன். எஞ்சினைக் கிளப்பிய சில நொடிகளில் இரண்டு வளையங்களுக்கு நடுவே ஆயில் பீறிட்டு, வாசலில் போட்டிருந்த பொங்கல் கோலம் முழுவதும் கறுத்துப்போனது. அம்மா அன்று பேசியதை இங்கே எழுத முடியாது. ஆகையால் பழைய ஃபில்டரைக் கழற்றியதும் வளையம் அதோடு வந்துவிட்டதா என்று பாருங்கள், எஞ்சினில் அது உட்காரும் இடத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். புதிய வளையத்தில் கொஞ்சம் புது ஆயில் தடவி, வளையம் எஞ்சினைத் தொட்ட பிறகு கையாலேயே முக்கால் சுற்று இறுக்கினால் பெரும்பாலும் போதும்.

கழிவு ஆயிலை மணலில் ஊற்றிவிடாதீர்கள். நாம் நன்னீர் எடுப்பது ஆழமில்லாத மணல் ஊற்றுகளில். அப்பால் மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகள் இருக்கின்றன. புது ஆயில் வந்த கேனிலேயே பழையதை ஊற்றி, கழிவு ஆயில் சேர்த்து மறுசுத்திகரிப்புக்கு அனுப்பும் பட்டறையில் கொடுங்கள்.

மண்டபம் கரைவாசி மீண்டும் எழுதியது:

நன்றி. குச்சியில் ஆயில் தெளிவாகவே இருந்தது, கூலன்டும் குறையவில்லை. போல்ட் இரண்டு முறை முயன்றும் அசையவில்லை. துருநீக்கி எண்ணெய் அடித்து ஓர் இரவு விட்டபின் காலையில் இளகியது. பழைய ஃபில்டரைத் துடைத்துப் பார்த்தபோது அடிவிளிம்பில் துரு செதில் செதிலாக உதிர்ந்தது. ரப்பர் வளையம் அதோடு வந்துவிட்டது, ஆனாலும் விரலால் தடவிப் பார்த்துவிட்டேன். கையேட்டில் உள்ள அளவுக்கு ஊற்றி, இரண்டு நிமிடம் ஓடவிட்டு, பத்து நிமிடம் கழித்துக் குச்சியைப் பார்த்தால் மேல்கோட்டுக்குச் சற்றே கீழே நிற்கிறது. புது ஃபில்டரின் உறைமேல் மெல்லிதாகக் கிரீஸ் பூசி வைக்கலாமா?

தொண்டி வள்ளக்காரன் எழுதியது:

பூசலாம், நாங்களும் பூசுகிறோம். வழியாதபடி மெல்லிதாக இருக்கட்டும். இல்லையென்றால் நாளைக்கே ஆயில் ஒழுகுகிறதோ என்று நீங்களே பயந்துவிடுவீர்கள். வாரம் ஒருமுறை ராமநாதபுரம் வரைக்குமாவது வண்டியை ஓட்டிவிட்டு வாருங்கள்.