இலை, பூசணி வைத்து 4–5 வயதுப் பிள்ளைகளுக்கு என்ன விளையாட்டு?

குட்டிவகுப்பு:
வணக்கம். ரொறன்ரோவில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு, 12 பிள்ளைகள். ஒக்டோபர் முழுக்க உதிர்ந்த இலையையும் பூசணியையும் வைத்தே நிறமும் எண்ணும் சொல்லிக்கொடுக்க வேண்டும். நிறவாரியாகக் கூடையில் போடச் சொன்னால் பாதி இலை எந்தக் கூடைக்கும் சேராது, சண்டைதான் மிச்சம். இலைகளும் இரண்டு நாளில் சுருண்டுவிடுகின்றன. 15 நிமிடத்துக்குள் முடிகிற மாதிரி ஏதாவது சொல்லுங்கள்.

மேப்பிள்வீதி:
சண்டை வராமல் எப்படி இருக்கும்? ஒரே மேப்பிள் இலையில் நரம்போரம் பச்சை, நடுவில் மஞ்சள், நுனியில் சிவப்பு. முதல் வாரம் நிறத்தை விட்டுவிட்டு விளிம்பைப் பார்க்கச் சொல்லுங்கள். ரெட் ஓக் இலையின் மடல்கள் கூராக முடியும், வைட் ஓக்கில் உருண்டையாக இருக்கும்; கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே சொல்லிவிடலாம். கூடை இரண்டு போதும்.

அடுத்த வாரம் நிறம். ஆனால் பிரிக்க வேண்டாம், வரிசையாக்குங்கள். தரையில் 2 மீற்றர் கயிறு. ஒரு முனையில் நல்ல பச்சை இலை, மறுமுனையில் சருகு. ஆளுக்கொரு இலை, எதற்கு அடுத்து வைப்பது என்று பிள்ளையே முடிவெடுக்கட்டும். "இது அதைவிட மஞ்சள்", "இதைவிடச் சிவப்பு" என்று வாயில் தானாக வரும். தவறான கூடை என்ற பேச்சே கிடையாது.

சுருளாமல் இருக்க: அன்று விழுந்த இலையாகப் பொறுக்கி, ஈரத்தைத் துடைத்து, செய்தித்தாளுக்குள் ஒன்றோடொன்று படாமல் அடுக்கி, மேலே கனமான புத்தகங்களை வைத்து 5–7 நாள் விடுங்கள். இரண்டாம் நாள் தாளை மாற்றாவிட்டால் ஈரம் தங்கிக் கறுத்துவிடும். வழவழப்பான சஞ்சிகைத் தாள் வேண்டாம், ஈரத்தை உறிஞ்சாது.

ஓடைக்கரைப் பற்றைகளில் பொறுக்க விடாதீர்கள். மும்மூன்று சிற்றிலையாக வரும், தொட்டால் தோல் அரித்துத் தடிக்கும் பாய்சன் ஐவியும் இந்த நேரம் அழகாகச் சிவந்துதான் நிற்கும்.

பூசணிவிதை:
எண்ணுக்கு ஓக் கொட்டையை எடுக்க வேண்டாம் என்பேன். உள்ளே வண்டுப் புழு இருந்தால் மேசையிலேயே துளைத்துக்கொண்டு வெளியே வரும். கொட்டை வகைக்கே தடை போட்ட பள்ளிக்கூடங்களும் உண்டு, முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பூசணி விதை போதும். வழுக்கல் போகும்வரை அலசி, ஒரே படையாகப் பரப்பி, ஓவனில் 150 டிகிரி செல்சியஸில் 20–25 நிமிடம், இடையில் ஒருமுறை கிளறி எடுங்கள். அரைகுறையாகக் காய்ந்தால் போத்தலுக்குள் பூஞ்சணம் பிடிக்கும்.

12 குழி முட்டைப் பெட்டியின் ஓரத்தில் இரண்டு குழியை வெட்டினால் ஐந்தைந்தாக இரண்டு வரிசை. பெட்டிக்கு இரண்டு பிள்ளைகள். தாயக்கட்டையை உருட்டி, விழுந்த எண்ணுக்குக் குழிக்கு ஒன்றாக விதை போட வேண்டும். பத்தும் நிரம்பினால் கிண்ணத்தில் கொட்டிவிட்டு, மிச்ச விதையோடு அடுத்த சுற்று. 6 வரை உள்ள கட்டை என்றால் இரண்டு மூன்று உருட்டலில் பெட்டி நிரம்பிவிடும், எண்ணவே நேரமிராது. அதன் மேல் ஸ்டிக்கர் ஒட்டி 1, 2, 3 மட்டும் வருகிற மாதிரி செய்யுங்கள். 3 வயதுக்குக் குறைந்த தம்பி தங்கை கூட வந்தால் விதையைக் கைக்கெட்டாமல் வையுங்கள், தொண்டையில் அடைக்கும்.

குட்டிவகுப்பு:
மிக்க நன்றி. மஞ்சள் மேப்பிள் இலைகளில் தார் தெளித்த மாதிரி கறுப்புப் பொட்டுகள் இருக்கின்றனவே, பிள்ளைகள் தொடலாமா? லமினேட் செய்தால் அடுத்த வருடத்துக்கும் வருமா?

மேப்பிள்வீதி:
தொடலாம். அது நோர்வே மேப்பிளில் வழக்கமாக வரும் ஒரு பூஞ்சை, ஆளுக்கு ஒன்றும் செய்யாது. பொட்டுகளை எண்ண விடுங்கள், அதுவே ஒரு விளையாட்டு. லமினேட் செய்வதென்றால் அழுத்தி நன்றாகக் காய்ந்த பிறகுதான். ஈர இலை சூட்டில் ஆவி விட்டுக் கொப்புளிக்கும், உள்ளேயே பழுப்பாகும். விளிம்பைத் தடவும் விளையாட்டுக்கு லமினேட் செய்த இலை உதவாது, அதற்குத் தனியாகக் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

பூசணிவிதை:
உரசிப் படம் எடுக்கவும் கொஞ்சம் ஒதுக்குங்கள். அதற்கு மொறுமொறுவென்று காய்ந்தது சரிப்படாது, நொறுங்கிவிடும். நரம்புப் பக்கம் மேலே இருக்க வேண்டும், மேலே சாதாரண பிரிண்டர் தாள், நான்கு மூலையிலும் டேப். க்ரேயானின் தாளை உரித்துவிட்டுப் படுக்கவைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். முனையால் தேய்த்தால் தாள்தான் கிழியும்.