அதிர்ஷ்டப் புள்ளி ஆட்டத்தில் உண்மையில் எதை மாற்ற வேண்டும்?

செந்தூல் நிரலர்

அனைவருக்கும் வணக்கம். கோலாலம்பூர் செந்தூலில் நாங்கள் மூவர் சேர்ந்து, ரப்பர் தோட்டத்தில் நடக்கும் ஒரு சிறிய ஆர்பிஜி ஆட்டத்தை (பாத்திரமேற்று, புள்ளிகளால் அதன் திறன்களை வளர்க்கும் கணினி ஆட்டம்) ஓய்வு நேரத்தில் உருவாக்கி வருகிறோம். வலிமை, வேகம், அறிவு ஆகியவற்றோடு அதிர்ஷ்டத்தையும் சேர்த்தோம். அதில் ஒரு புள்ளி போட்டால் கிரிட்டிக்கல் அடி, அதாவது வழக்கத்தைவிடப் பலமான அடி, விழும் வாய்ப்பு 1 விழுக்காடு கூடும். கடந்த வாரம் என் சித்தி மகள் தன்னிடமிருந்த 8 புள்ளிகளையும் அதிர்ஷ்டத்திலேயே போட்டு ஆடினாள். மூன்றாவது சண்டையில் காட்டுப்பன்றியிடம் தோற்றதும் கைப்பேசியை என்னிடம் திருப்பிக் கொடுத்து, "அண்ணா, இந்த நம்பர் எதுக்கு?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. இந்தப் புள்ளியை எடுத்துவிடலாமா, அல்லது அதற்கு வேறு வேலை கொடுக்கலாமா என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பாயான் லெப்பாஸ் ஆட்டக்காரர்

எடுத்துவிட வேண்டாம், தம்பி. நீங்கள் போட்டிருக்கும் கணக்கு 1997இல் வந்த ஃபால்அவுட் ஆட்டத்தில் இருந்ததுதான். தவறான கணக்கு அல்ல. ஆனால் 8 விழுக்காடு வாய்ப்பில் பத்து முறை அடித்தால், ஒரு கிரிட்டிக்கல்கூட விழாமல் போவதற்கு 43 விழுக்காடு இடம் இருக்கிறது. அதாவது, தன்னிடம் இருந்த எல்லாவற்றையும் கொடுத்து அதிர்ஷ்டத்தை வாங்கிய ஒருவர், ஏறக்குறைய பாதிச் சண்டைகளில் அதைக் கண்ணாலேயே பார்க்க மாட்டார். அதே வரிசையில் 2010இல் வந்த ஃபால்அவுட்: நியூ வேகாஸில் அதிர்ஷ்டம் சூதாட்டக் கூடத்திலும் வேலை செய்கிறது, அது உயர்ந்திருந்தால் பிளாக்ஜாக் சீட்டாட்டத்தில் அடிக்கடி வெல்லலாம், ஓர் அளவுக்கு மேல் வென்றால் இனி இங்கே ஆடக் கூடாது என்று கூடத்தினரே தடுத்துவிடுவார்கள். வாங்கிய புள்ளி அங்கே கண்முன்னே நிற்கிறது.

ஆயர் ஈத்தாம்

நான் வேறு பக்கத்திலிருந்து பார்க்கிறேன். ஒரே எண்ணாக அசையாமல் நிற்கும் அதிர்ஷ்டம் என்னைப் பொறுத்தவரை இன்னொரு திறமைதான். நெட்ஹேக் என்ற பழைய ஆட்டத்தில் அதிர்ஷ்டத்தைப் புள்ளி கொடுத்து வாங்க முடியாது. அது சுழியத்தில் தொடங்கி, நாம் செய்வதைப் பொறுத்து ஏறி இறங்கும். கண்ணாடியை உடைத்தால் 2 குறையும், நம்மோடு பகையில்லாத ஓர் உயிரைக் கொன்றால் 5 குறையும். அது சுழியத்திற்குக் கீழே இருக்கும்போது கடவுளை வேண்டினால் வேண்டுதல் பலிக்காது. கணினியின் நாட்காட்டியில் பௌர்ணமி என்றால் 1 கூடுகிறது. நல்ல நாள் பார்த்து வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. உங்கள் தோட்டத்தில் கோயிலும் பௌர்ணமி பூசையும் இருந்தால், அதிர்ஷ்டத்தை அங்கே கொண்டுபோய் வையுங்கள்.

தாயக்கட்டை

என் பாட்டி தோட்ட வீட்டுத் திண்ணையில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுத் தாயம் ஆடுவார். பித்தளைக் கட்டை இரண்டையும் உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டி, தரையில் விடுவதற்கு முன் ஒரு கணம் நிறுத்துவார். ஒரு கட்டையில் ஒன்றும் மற்றதில் வெறுமையும் விழுந்தால்தான் தாயம். பதினாறில் இரண்டு, அதாவது எட்டில் ஒரு வாய்ப்பு. எட்டு முறை உருட்டியும் தாயம் விழாமல் காய் வெளியிலேயே கிடப்பது மூன்று ஆட்டங்களில் ஒன்றிலாவது நடக்கும். நேர்மையான கட்டை இப்படித்தான் விழும்; ஆனாலும் காத்திருப்பவருக்கு அது அநியாயமாகத்தான் தெரியும். இதற்கு டோட்டா 2 என்ற கணினி ஆட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. அங்கே 25 விழுக்காடு என்று எழுதியிருக்கும் வாய்ப்பு, முதல் அடியில் சுமார் 8.5 விழுக்காடாகத் தொடங்கி, தவறும் ஒவ்வொரு முறையும் அதே அளவு கூடிக்கொண்டே போய், விழுந்ததும் பழைய இடத்துக்குத் திரும்பும். உங்கள் அதிர்ஷ்டப் புள்ளி வாய்ப்பைக் கூட்ட வேண்டாம். தவறிய பிறகு வாய்ப்பு எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதை அது தீர்மானிக்கட்டும். நீண்ட வறட்சி வராது என்ற நம்பிக்கையைத்தான் சித்தி மகள் அந்த 8 புள்ளிகளுக்கு எதிர்பார்த்திருப்பார்.

செந்தூல் நிரலர்

மூவருக்கும் மிக்க நன்றி. தாயக்கட்டை சொன்ன ஏறும் கணக்கை நேற்றிரவே எழுதிப் பார்த்தேன். பத்து வரிக்குள் முடிந்துவிட்டது. பூசைக்கும் ஓரிடம் ஒதுக்குகிறேன். வாய்ப்பு ஏறுவதைக் காட்ட, மண்வெட்டியின் ஓரம் கொஞ்சம் கொஞ்சமாக ஒளி கூடும்படி செய்யலாம் என்று நண்பர் சொல்கிறார்.

பாயான் லெப்பாஸ் ஆட்டக்காரர்

ஒளி நல்ல யோசனை. ஒன்றை மட்டும் இப்போதே கவனித்துக்கொள்ளுங்கள்: ஆட்டத்தைச் சேமித்து, தோற்றதும் மறுபடி திறந்து, கிரிட்டிக்கல் விழும்வரை அதே அடியைத் திரும்பத் திரும்ப அடிக்க விட்டால் இந்தப் புள்ளிக்கு வேலையே இருக்காது. 2012இல் வந்த எக்ஸ்காம்: எனிமி அன்நோன் ஆட்டத்தில் சீரற்ற எண்களின் விதையும் (அந்த எண்கள் எந்த வரிசையில் வரும் என்பதை முடிவுசெய்யும் தொடக்க எண்) சேமிப்போடு சேர்ந்தே எழுதப்படுவதால், அதே செயலைத் திரும்பச் செய்தால் அதே முடிவுதான் வரும். விதையையும், அடி எத்தனை முறை தவறியது என்ற எண்ணிக்கையையும் ஒரே கோப்பில் எழுதுங்கள்.