மறுமொழி: பெர்மாஃப்ராஸ்ட் - சொல்லில் பனி வேண்டாம், நிலம் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

பெர்மாஃப்ராஸ்ட் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நம் நீர்வளக் கலைச்சொல் பட்டியலில் என்ன தமிழ்ச்சொல் வைக்கலாம் என்ற கேள்விக்கு இந்த இழையில் இதுவரை வந்த நிரந்தரப் பனி, நிலைத்த உறைபனி, பனிப்பாளம் மூன்றிலும் பனி இருக்கிறது, எனக்கு உடன்பாடில்லாதது அதுதான். உறைபனி என்றதும் நம் வாசகருக்கு நினைவுக்கு வருவது டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் புல்வெளியில் வெள்ளையாகப் படிந்து வெயில் ஏறியதும் காணாமல் போவது. நிலைத்த உறைபனி என்று எழுதினால் அது உருகாமல் கிடக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்வார். பெர்மாஃப்ராஸ்ட் என்பதோ தொடர்ந்து இரண்டு ஆண்டுகளாவது 0 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாத மண் அல்லது பாறை. உள்ளே பனிக்கட்டி இருக்கலாம், கொஞ்சமும் இல்லாமல் வெறும் பாறையாகவும் இருக்கலாம்.

நீர்வளப் பட்டியலுக்குச் சொல் தேடுகிறோம் என்பதால் சைபீரியாவின் யாகுட்ஸ்க் நகரை எடுத்துக்கொள்வோம். 1828இல் ஷெர்கின் என்ற வணிகர் அங்கே குடிநீருக்காகக் கிணறு தோண்ட ஆரம்பித்து, 1837இல் சுமார் 116 மீட்டர் ஆழத்தில் கைவிட்டார். அடிவரை உறைந்த மண், தண்ணீர் இல்லை. பக்கத்திலேயே லேனா ஆறு ஓடுகிறது, இன்றும் நகரக் குடிநீர் அதிலிருந்துதான். அவ்வளவு பெரிய ஆறு குளிர்காலத்தில் மேலே கெட்டியாக உறைந்தாலும் அடியில் ஓடிக்கொண்டே இருப்பதால், அதன் படுகைக்குக் கீழே உறையாத மண் இருக்கிறது. பெர்மாஃப்ராஸ்ட்டுக்கு நடுவே இப்படி உறையாமல் இருக்கும் மண்ணைத்தான் தாலிக் என்கிறார்கள். அங்கே நிலத்தடி நீரைத் தேடுபவர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான். அதனால் பெர்மாஃப்ராஸ்ட், தாலிக் இரண்டுக்கும் தமிழ்ச்சொல்லைச் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும் என்பது என் எண்ணம்.

யாகுட்ஸ்க் இருக்கும் யாகுட்டியப் பகுதியில் குழாய் எட்டாத ஊர்களில் இலையுதிர்காலக் கடைசியில் ஏரி உறைந்ததும் பனிக்கட்டியைப் பாளம் பாளமாக அறுத்து வந்து முற்றத்தில் அடுக்கிவிடுவார்கள், தேவைப்படும்போது ஒன்றை உள்ளே கொண்டுவந்து உடைத்துப் பீப்பாயில் போட்டு உருக்கினால் அதுதான் குடிநீர். கோடைக்கு மிச்சம் வைப்பதை உறைந்த மண்ணுக்குள் தோண்டிய நிலவறையில் இறக்குவார்கள், அதன் பெயர் புலூஸ். இதை நிரந்தரப் பனி என்ற சொல்லை வைத்துத் தமிழில் எழுதிப் பாருங்கள், "நிரந்தரப் பனிக்குள் பனிக்கட்டியைச் சேமித்தார்கள்" என்று வரும். எது நிலம், எது தண்ணீர் என்றே தெரியாது.

நிரந்தரம் என்ற சொல்லும் எனக்குச் சரியாகப் படவில்லை. பெர்மாஃப்ராஸ்ட் இளகத்தான் செய்கிறது, வீடுகள் சாய்கின்றன, குழாய்கள் உடைகின்றன. ரஷ்ய மொழியிலேயே வழக்கில் 'என்றென்றும் உறைந்தது' என்று சொன்னாலும் துறைசார்ந்தவர்கள் 'பல்லாண்டு உறைந்தது' என்றுதான் எழுதுகிறார்கள். நாமும் அந்த வழியில் போகலாம்.

பெர்மாஃப்ராஸ்ட்டுக்கு நான் சொல்வது நீளுறைநிலம். நீள்+உறை+நிலம். மற்ற சொற்களோடு ஒட்டும்போது உறைநிலம் என்று சுருக்கிக்கொள்ளலாம், அப்புறம் உறைநில மேல்நீர், உறைநில இடைநீர், உறைநில அடிநீர் என்று, அதற்கு மேலே, உள்ளே, கீழே இருக்கும் நீர் என நீரியலில் வரும் மூன்று வகைக்கும் சிரமமில்லாமல் பெயர் வந்துவிடும். பனியை வைத்துக்கொண்டு இந்த மூன்றையும் சொல்லிப் பாருங்கள், பனியடி நீர் என்றால் பனியாற்றுக்குக் கீழே ஓடும் நீர் என்று ஆகிவிடும்.

தாலிக்குக்கு உறையாத்திட்டு. ஒலிபெயர்ப்பே போதும் என்று சிலர் சொன்னீர்கள், ஆனால் பள்ளி மாணவருக்கு உறைநிலம், உறையாத்திட்டு இரண்டும் பக்கத்தில் இருந்தால் விளக்கமே தேவைப்படாது. திட்டு என்றால் மேடு என்ற பொருளும் தொற்றும் என்பது உண்மையான தடைதான், உறையாப்பகுதி என்றால் அந்தச் சிக்கல் இல்லை, ஆனால் தனிச்சொல் போலவும் இல்லை.

கோடையில் மட்டும் இளகி மறுபடி உறையும் மேலடுக்குக்கு இளகடுக்கு என்று வைத்திருக்கிறேன். இதன் ஆங்கிலப் பெயரான ஆக்டிவ் லேயருக்குச் செயல்படு அடுக்கு என்று ஏற்கெனவே வந்த நேர் மொழிபெயர்ப்பு என்ன செயல் என்று சொல்லவில்லை. மண்ணியல் படித்தவர்கள் இளகு, உருகு இரண்டில் மண்ணுக்கு எது பொருந்தும் என்று சொன்னால் பட்டியலில் ஏற்றிவிடலாம்.